சொல்யூஷன் ஃபைலை காப்பி அடிச்சு ஒட்டச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பரோட கம்ப்யூட்டர் பக்கத்துல காலேஜ் பசங்களுக்காக ஒரு கட்டுரை வந்துச்சுங்க, ப்ரோக்ராம் எழுதுறதுக்கான மைக்ரோசாஃப்ட் டூலான விஷுவல் ஸ்டுடியோவோட சொல்யூஷன் ஃபைலை மவுஸைத் தொடாம ப்ரோக்ராம் எழுதியே புதுசா உருவாக்குறது எப்படின்னு. தமிழ் பேப்பர்ல இந்த மாதிரி விஷயமெல்லாம் வருதேன்னு சந்தோஷமாத்தான் படிக்க ஆரம்பிச்சேன். ஆனா அதுல சொன்ன வழி இருக்கே, ஏற்கனவே இருக்கிற ஒரு சொல்யூஷனை நோட்பேட்ல திறந்து அதையே டெம்ப்ளேட்டா வச்சுக்கிட்டு பேரையும் ஐடியையும் மட்டும் மாத்தி எழுதுற ஸ்க்ரிப்ட் போட்டா போதும்னு, அதைப் படிச்சதும் இந்த லெட்டரை எழுதாம இருக்க முடியல. நான் பில்ட் வேலை பாக்குறவன், மத்தவங்க எழுதுற கோடை தினமும் சர்வர்ல கம்பைல் பண்ணி பேக் பண்ணி அனுப்புறதுதான் என் பொழப்பு. அந்த டெம்ப்ளேட் வழி முதல் நாள் நல்லாவே வேலை செய்யும், அதுதான் அதோட ஆபத்தே.

இந்த ஃபீல்டுல இல்லாத வாசகர்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். மைக்ரோசாஃப்ட் டூல்ஸ்ல ஒரு சாஃப்ட்வேரை பல ப்ராஜெக்டா பிரிச்சு எழுதுவாங்க, ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் ஒரு ஃபைல் இருக்கும், சி ஷார்ப்னா சிஎஸ்ப்ராஜ், சி ப்ளஸ் ப்ளஸ்னா விசிஎக்ஸ்ப்ராஜ். எப்படி கம்பைல் பண்ணணும், யாரு யாரை நம்பி இருக்காங்கங்கிறதெல்லாம் அதுக்குள்ள இருக்கும். சொல்யூஷன் ஃபைல், அதாவது டாட் எஸ்எல்என், எந்தெந்த ப்ராஜெக்டை சேர்த்து திறக்கணும்ங்கிற பட்டியல், கூடவே எந்த செட்டிங்ல எதை பில்ட் பண்ணணும்ங்கிற ஒரு அட்டவணை, அவ்வளவுதான்.

இதை ஏன் ப்ரோக்ராம் வச்சு உருவாக்கணும்னு கேட்டா, உலகம் முழுக்க ரொம்ப நாளா அப்படித்தான் பண்றாங்க. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தோட இமேஜிங் ப்ராஜெக்ட் ஒண்ணுக்காக கிட்வேர் கம்பெனி 2000 வாக்குல ஆரம்பிச்ச சிமேக்ங்கிற டூல் இன்னைக்கு வரைக்கும் விண்டோஸ்ல சொல்யூஷனை எழுதித் தருது. யூனிட்டில கேம் பண்ற பசங்க யாரும் சொல்யூஷனை கையால செய்யறதில்ல, எடிட்டரே எழுதிக்கும். அன்ரியல் எஞ்சின் சோர்ஸ் கோடை இறக்கினா அதுல சொல்யூஷனே இருக்காது, ஜெனரேட் ப்ராஜெக்ட் ஃபைல்ஸ்னு ஒரு பேட்ச் ஃபைல் இருக்கும், அதை ஓட்டினாத்தான் வரும். லுவாங்கிற மொழில எழுதுற ப்ரீமேக் இருக்கு, சி ஷார்ப்லயே எழுதுற ஷார்ப்மேக் இருக்கு, அது யூபிசாஃப்ட் கேம் கம்பெனிக்குள்ள பொறந்து அப்புறம் ஓப்பன் சோர்ஸ் ஆனது. க்ரோமியம் ப்ரௌசர் எழுதுற ஆளுங்களும் அவங்க ஜிஎன் டூல்ல ஒரு ஆப்ஷன் குடுத்தா சொல்யூஷனை வாங்கிக்கலாம். அதனால உருவாக்கறது தப்புன்னு நான் சொல்லல, கட்டுரை எழுதினவர் எடுத்துக்கிட்ட விஷயம் நல்ல விஷயம், சொல்லிக் குடுத்த விதம்தான் சரியில்ல.

அந்த ஃபைல் உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை பொறுமையா பாத்தா நான் சொல்றது புரியும். மேல ஒரு ஹெட்டர் வரி, மைக்ரோசாஃப்ட் விஷுவல் ஸ்டுடியோ சொல்யூஷன் ஃபைல், ஃபார்மேட் வெர்ஷன் 12.00ன்னு. 2002ல வந்த விஷுவல் ஸ்டுடியோ டாட்நெட்ல அது 7.00, 2003ல 8.00, 2005ல 9.00, 2008ல 10.00, 2010ல 11.00, 2012ல 12.00 ஆச்சு, அதுக்கப்புறம் வந்த வெர்ஷன் எதுலயும் அந்த நம்பர் மாறவே இல்ல. அதுக்கு அடுத்த வரி ஹாஷ் குறி (#) போட்டு ஆரம்பிக்கும், பாத்தா வெறும் கமெண்ட் மாதிரி இருக்கும், ஆனா சொல்யூஷனோட ஐகான்ல தெரியுற வெர்ஷன் நம்பர் அங்கேருந்துதான் வருது. கமெண்ட்தானேன்னு டெம்ப்ளேட்லேருந்து எடுத்துட்டா அது போச்சு.

இன்னொண்ணு. ஸ்க்ரிப்ட் எழுதுற எல்லாருக்கும் ஒரு ஆசை வரும், ஃபைலோட உச்சியில இது தானா உருவானது, கை வைக்காதீங்கன்னு நாலு வரி எழுதி வைக்கணும்னு. நல்ல எண்ணம்தான். ஆனா சொல்யூஷனைப் படிச்சு பில்ட் பண்ற மைக்ரோசாஃப்ட் டூலான எம்எஸ்பில்ட் அந்த ஹெட்டரை முதல் ரெண்டு வரிக்குள்ள மட்டும்தான் தேடும், விஷுவல் ஸ்டுடியோ எழுதுற ஃபைல்ல முதல் வரி காலியா விட்டு ரெண்டாவதுல ஹெட்டர் வர்றது அதுல ஓடிடும், நீங்க நாலு வரி கமெண்ட் போட்டு அஞ்சாவதா ஹெட்டரை வச்சா ஹெட்டரே இல்லைன்னு சொல்லி எரர் எம்எஸ்பி5010 குடுத்துடும். கட்டுரையில இருந்த உதாரணம் தப்பிச்சது அவர் கமெண்ட் எதுவும் போடாததால மட்டும்தான்.

அப்புறம் ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் ஒரு வரி, அதுல ரெண்டு ஜியுஐடி, அதாவது வேற எதோடயும் ஒத்துப்போகாத நீளமான ஐடி. பசங்க இதுலதான் முதல்ல குழம்புறாங்க. ஒண்ணு அந்த ப்ராஜெக்டோட சொந்த ஐடி, இன்னொண்ணு அது என்ன வகை ப்ராஜெக்ட்ங்கிற ஐடி. பழைய சி ஷார்ப்னா எஃப்ஏஇ04ன்னு ஆரம்பிக்கும், புது எஸ்டிகே ஸ்டைல்னா 9ஏ19ன்னு ஆரம்பிக்கிறது ஒண்ணு இருக்கு, சி ப்ளஸ் ப்ளஸ்னா 8பிசி9, சொல்யூஷனுக்குள்ள நாம வச்சுக்கிற வெத்து ஃபோல்டருக்குக்கூட 2150ன்னு ஆரம்பிக்கிற ஒரு ஐடி உண்டு. கட்டுரையில ஒரே வகை ஐடியை எல்லாத்துக்கும் ஒட்டியிருக்கார், சி ஷார்ப் மட்டும் இருக்கிற வரைக்கும் ஓடும், நாளைக்கு சி ப்ளஸ் ப்ளஸ்ல எழுதின நேட்டிவ் டிஎல்எல் ஒண்ணை அதே லூப்ல சேர்த்தா அப்போ தெரியும் சேதி.

இதையெல்லாம்கூட விட்டுடலாம், உண்மையான வம்பு அதுக்குக் கீழ இருக்கிற அட்டவணையிலதான் இருக்கு. சொல்யூஷனுக்குன்னு டீபக் (தப்பு தேடுறப்ப), ரிலீஸ் (வெளிய அனுப்புறப்ப)னு கான்ஃபிகரேஷன் இருக்கும், எந்த வகை ப்ராசசருக்குன்னு சொல்ற எனி சிபியு, எக்ஸ்64, எக்ஸ்86ன்னு ப்ளாட்ஃபார்ம் இருக்கும், ரெண்டையும் பெருக்கினா 6. இந்த ஆறுக்கும் ஒவ்வொரு ப்ராஜெக்டும் என்ன பண்ணணும்னு ரெண்டு ரெண்டு வரி எழுதணும், ஆக்டிவ் கான்ஃபிக்னு ஒண்ணு, பில்ட் டாட் ஜீரோன்னு ஒண்ணு. ஆக ஒரு ப்ராஜெக்டுக்கு 12 வரி, 20 ப்ராஜெக்ட் இருந்தா 240 வரி, எல்லாமே முழு நீள ஜியுஐடியோட, மனுஷக் கண்ணால படிக்கவே முடியாது. இதுல ஆக்டிவ் கான்ஃபிக் வரி அந்த ப்ராஜெக்ட் எந்த செட்டிங்ல இருக்கணும்னு சொல்லும், பில்ட் டாட் ஜீரோ இருந்தாத்தான் அதை நிஜமாவே பில்ட் பண்ணும். முதல் வரி இருந்து ரெண்டாவது இல்லேன்னா பந்தியில இலையைப் போட்டுட்டு சோறு வைக்காம போன கதைதான், எரர் வராது, எல்லாம் பச்சையா முடியும், பில்ட் சக்சஸ்னு கீழ போட்டிருக்கும். முந்தாநாள் கம்பைல் ஆன டிஎல்எல் பின் ஃபோல்டர்ல கிடந்தா அதையே எடுத்து டெஸ்ட் ஓடும், டெஸ்டும் பாஸ் ஆகும். எங்க டீம்ல ஒரு பையன் எழுதின ஜெனரேட்டர் டீபக்குக்கு ரெண்டு வரியும் எழுதி ரிலீஸுக்கு ஒரு வரியை விட்டுடுச்சு, கிளையன்ட் நான் கேட்ட ஃபிக்ஸ் எங்கப்பான்னு கேட்டப்புறம்தான் வெளிய வந்துச்சு. பையனைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல, அவன் எடுத்த டெம்ப்ளேட் சொல்யூஷன்ல யாரோ எப்பவோ கான்ஃபிகரேஷன் மேனேஜர்ல அந்த டிக்கை எடுத்து விட்டிருக்காங்க, அது அப்படியே வம்சாவளியா வந்துடுச்சு. டெம்ப்ளேட் எடுத்தா அதோட வியாதியும் சேர்ந்துதான் வரும்.

இதுக்குள்ள இன்னொரு குசும்பு, சொல்யூஷன்ல எனி சிபியுன்னு நடுவுல ஸ்பேஸ் விட்டு எழுதணும், சிஎஸ்ப்ராஜ் உள்ள போனா அதே வார்த்தையை ஸ்பேஸ் இல்லாம சேர்த்து எழுதணும். யாரு இப்படி முடிவு பண்ணாங்களோ தெரியல, ஒரே கம்பெனி, ஒரே டூல். ஸ்ட்ரிங்கை ஒட்டி ஃபைல் எழுதுறவங்க ப்ராஜெக்ட் ஃபைல்லேருந்து ப்ளாட்ஃபார்ம் பேரைப் படிச்சு அப்படியே சொல்யூஷன்ல போட்டுட்டு தலையைப் பிச்சுக்கிறதை நான் நிறைய பாத்திருக்கேன்.

ஜியுஐடி விஷயத்துலயும் கட்டுரை சொன்னதை ஏத்துக்க முடியல. ஒவ்வொரு தடவையும் நியூ ஜியுஐடின்னு கூப்பிட்டு புதுசா போட்டுக்கச் சொல்றார். அப்படிப் போட்டா ஸ்க்ரிப்டை எத்தனை தடவை ஓட்டுறீங்களோ அத்தனை தடவையும் ஃபைல் முழுக்க மாறும், ஒரு ப்ராஜெக்ட்கூட சேர்க்காம சும்மா ஓட்டினாலும் கோட்ல வர்ற மாத்தத்தை எல்லாம் பதிஞ்சு வைக்கிற கிட்ல அந்த ஃபைல்ல பாதிக்கு மேல மாறினதா காட்டும், ரிவ்யூ பண்றவன் எதைன்னு பாப்பான். ப்ராஜெக்ட் இருக்கிற பாதையை ஹாஷ் பண்ணி, அதாவது ஒரு கணக்குல போட்டு எப்பவும் மாறாத நம்பராக்கி, அதுலேருந்து ஐடி எடுக்கணும், பேரை வச்சு செய்யற வெர்ஷன் 5 யுயுஐடின்னு அதுக்கு ஒரு ஸ்டாண்டர்ட் முறையே இருக்கு. சி ஷார்ப் ஓடுற டாட்நெட்ல அதுக்கு ரெடிமேட் ஃபங்ஷன் கிடையாது, டாட்நெட் 9ல வெர்ஷன் 7க்குத்தான் குடுத்தாங்க, அது நேரத்தை வச்சு வர்றது, நமக்கு உதவாது. கொஞ்சம் கோட் எழுதிக்கணும், பரவாயில்ல. ஹாஷ் பண்றதுக்கு முன்னாடி பாதையை ரிலேட்டிவா மாத்தி ஸ்லாஷை ஒரே பக்கமா சாய்ச்சு, சின்ன எழுத்து பெரிய எழுத்தையும் ஒரே மாதிரி ஆக்கிடுங்க, இல்லேன்னா விண்டோஸ்ல ஒரு ஐடியும் லினக்ஸ்ல வேற ஐடியும் வரும். ப்ராஜெக்டுங்களை வரிசைப்படுத்தும்போதும் மெஷினோட மொழி செட்டிங்கை நம்பாம ஆர்டினலா, அதாவது எழுத்தோட கோட் நம்பர் வரிசையில, சார்ட் பண்ணுங்க. ஒரே இன்புட் குடுத்தா எந்த மெஷின்லயும் பைட்டுக்கு பைட் ஒரே ஃபைல் வரணும், அது வந்தாத்தான் அது ஜெனரேட்டர்.

சரி வேற வழி என்னன்னு கேப்பீங்க. டிடிஇன்னு ஒரு பழைய வழி இருக்கு, விஷுவல் ஸ்டுடியோவையே வெளியிலேருந்து ஓட்டி சொல்யூஷன் உருவாக்கச் சொல்றது. கட்டுரையோட கடைசியில அதை அட்வான்ஸ்டு முறைன்னு ஒரு வரியில சொல்லியிருந்தாங்க. அது அட்வான்ஸ்டு எல்லாம் இல்லைங்க, காம்ங்கிற பழைய மைக்ரோசாஃப்ட் டெக்னாலஜி காலத்துச் சரக்கு, முழு விஷுவல் ஸ்டுடியோவும் அந்த மெஷின்ல இருக்கணும், அது பிஸியா இருக்கிறப்ப கூப்பிட்டா கோரிக்கையை ரிஜெக்ட் பண்ணும், அதைச் சமாளிக்க மெசேஜ் ஃபில்டர்னு தனியா ஒரு கிளாஸ் எழுதணும், லினக்ஸ் பில்ட் சர்வர்ல பேச்சுக்கே இடமில்ல. ஐடிஇக்கு, அதாவது விஷுவல் ஸ்டுடியோ மாதிரி ப்ரோக்ராம் எழுதுற டூலுக்கு, எக்ஸ்டென்ஷன் எழுதுறவங்களுக்கு அது தேவைப்படும், காலேஜ் பசங்களுக்கு எதுக்கு.

சாதாரண தேவைக்கு டாட்நெட் கமாண்டே போதும். டாட்நெட் நியூ எஸ்எல்என்னு அடிச்சா காலி சொல்யூஷன், டாட்நெட் எஸ்எல்என் ஆட்னு அடிச்சு சிஎஸ்ப்ராஜ் பாதைங்களை குடுத்தா சேர்ந்துடும், ஒரே கமாண்ட்ல எத்தனை ப்ராஜெக்ட் வேணும்னாலும் குடுக்கலாம், ஒண்ணொண்ணா லூப் போட்டு கூப்பிட்டா ஒவ்வொரு தடவையும் புது ப்ராசஸ் கிளம்பி ஆமை வேகத்துல போகும். ஃபோல்டர் அமைப்பையும் அதுவே பாத்து சொல்யூஷன் ஃபோல்டரா வச்சுக்கும், அட்டவணையை அதுவே முழுசா எழுதிக்கும், பில்ட் டாட் ஜீரோ விட்டுப்போற கதையே கிடையாது. கோட் எழுதித்தான் பண்ணணும்னா மைக்ரோசாஃப்டே சொல்யூஷன் பெர்சிஸ்டன்ஸ்னு ஒரு லைப்ரரியை எம்ஐடி லைசென்ஸ்ல கிட்ஹப்ல போட்டிருக்காங்க, படிக்கவும் செய்யும் எழுதவும் செய்யும். பழைய மைக்ரோசாஃப்ட் பில்ட் லைப்ரரியில இருக்கிற சொல்யூஷன் ஃபைல் கிளாஸ் படிக்க மட்டும்தான், அதை வச்சு எழுத முடியாது, இதைத் தெரியாம அதைத் தோண்டிக்கிட்டே இருக்கிறவங்களும் உண்டு. நூத்துக்கணக்குல ப்ராஜெக்ட் இருக்கிற இடத்துல எஸ்எல்என் ஜென்னு ஒரு டூல், அதுவும் மைக்ரோசாஃப்டோடதுதான், ஒரு ப்ராஜெக்டைக் காட்டினா அது யாரு யாரை ரெஃபரன்ஸ் பண்ணுதுன்னு பாத்துக்கிட்டே போய் மொத்தமா சொல்யூஷன் எழுதித் தந்துடும்.

எனக்கு இதுல ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம், கட்டுரையில அது ஒரு வரிகூட இல்ல. ப்ராஜெக்டுங்க பத்தின உண்மை எங்க இருக்கணும்? சிஎஸ்ப்ராஜ் ஃபைலுக்குள்ளதான் இருக்கணும், சொல்யூஷன் அதுலேருந்து பிறக்கிறதா இருக்கணும், எப்ப வேணும்னாலும் அழிச்சுட்டு திரும்ப எழுதிக்கிறதா இருக்கணும். உருவாக்கவும் செஞ்சு அப்புறம் கையாலயும் திருத்திக்கிட்டே இருந்தா அது ரெண்டும் கெட்டான், அடுத்த தடவை ஸ்க்ரிப்ட் ஓடுறப்ப கையால பண்ணினது போயிடும், இல்லே போயிடுமோன்னு பயந்து ஸ்க்ரிப்டை யாரும் ஓட்டவே மாட்டாங்க. கிட்ல ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஆளுக்கொரு ப்ராஜெக்ட் சேர்த்தா சொல்யூஷன்ல கான்ஃப்ளிக்ட் வர்றது இந்த ஃபீல்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச தலைவலி, ரெண்டு பேரும் ஒரே இடத்துல வரி சேர்க்குறாங்க, அட்டவணையிலயும் சேர்க்குறாங்க, அதை மெர்ஜ் பண்றப்ப ஒரு ப்ராஜெக்ட் முடியுற இடத்தைக் காட்டுற எண்ட்ப்ராஜெக்ட் வரி காணாம போறது சர்வ சாதாரணம். யூனிட்டிக்காரங்க வழக்கமா வைக்கிற கிட் இக்னோர்ல எஸ்எல்என், சிஎஸ்ப்ராஜ் ரெண்டையுமே சேர்த்துடுவாங்க, ஏன்னா அங்க ரெண்டுமே எடிட்டர் எழுதுறது. நம்ம பக்கம் சிஎஸ்ப்ராஜ் கிட்ல இருக்கட்டும், சொல்யூஷனை வெளிய வைங்கன்னுதான் நான் சொல்வேன்.

புதுசா சேர்றவன் கோடை இறக்கினா டபுள் கிளிக் பண்ண சொல்யூஷனே இல்லையேன்னு முழிப்பான்னு எங்க ஆபீஸ்லயே சண்டைக்கு வருவாங்க. நியாயம்தான், ஆனா மேல சொன்ன அன்ரியல் மாதிரி உச்சி ஃபோல்டர்ல ஒரு ஸ்க்ரிப்ட் வச்சு ரீட்மில முதல் வரியா எழுதி வச்சா அந்தப் பிரச்சனை முடிஞ்சுது. சர்வருக்கு சொல்யூஷனே வேண்டாம், பல ப்ராஜெக்டை மொத்தமா பில்ட் பண்ண உதவுற ட்ராவர்சல் எஸ்டிகேன்னு ஒண்ணு வச்சு ப்ராஜெக்ட் ஃபைலையே நேரா பில்ட் பண்ணலாம். இதுல நிஜமான கஷ்டம் ஒண்ணு இருக்கு, மறைக்க விரும்பல. ஐடிஇக்குள்ள ரைட் கிளிக் பண்ணி புது ப்ராஜெக்ட் சேர்க்கிறவங்க பழக்கத்தை மாத்திக்கணும், அது சுலபமில்ல, பெரிய ஆளுங்கதான் ரொம்ப முரண்டு பிடிப்பாங்க. ஜெனரேட்டர் எழுதுறவங்களும் ஒண்ணு கவனிக்கணும், உள்ள இருக்கிறது மாறலேன்னா ஃபைலைத் தொடாதீங்க, சும்மா திரும்ப எழுதினாலே திறந்து வச்சிருக்கிறவங்களுக்கு வெளியிலேருந்து மாத்திட்டாங்க ரீலோட் பண்ணவான்னு கேட்டு உயிரை எடுக்கும்.

இந்த வருஷம் படிக்கிற பசங்களுக்கு எஸ்எல்என்எக்ஸ் பத்தி சொல்லாம விட்டதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். 20 வருஷத்துக்கு மேல ஓட்டின பழைய ஃபார்மேட்டுக்கு பதிலா எக்ஸ்எம்எல்ல புதுசு கொண்டு வந்துட்டாங்க, 2024ல ப்ரிவியூவா காட்டினாங்க, டாட்நெட் எஸ்டிகே 9.0.200ல டாட்நெட் எஸ்எல்என் மைக்ரேட்னு ஒரே கமாண்ட்ல பழசை மாத்திக்கலாம், டாட்நெட் 10ல நியூ எஸ்எல்என்னு அடிச்சா அதுவே எஸ்எல்என்எக்ஸ்தான் தரும். சாதாரண சொல்யூஷனுக்கு ஜியுஐடியே கிடையாது, டீபக் ரிலீஸ் அட்டவணையும் வழக்கமானதா இருந்தா எழுதவே வேண்டாம், ஒரு ப்ராஜெக்டுக்கு பாதையோட ஒரே வரி. நான் மேல புலம்பினதுல பாதி அதுல காணாம போயிடுது, கையால எழுதினாக்கூட தப்பு வர்றது கஷ்டம். ஒரே ஒரு எச்சரிக்கை, மாத்தினப்புறம் பழைய எஸ்எல்என்னை அதே ஃபோல்டர்ல விட்டு வைக்காதீங்க, டாட்நெட் பில்ட்னு வெறுமனே அடிச்சா ரெண்டு ஃபைல் இருக்கு எதை எடுக்கறதுன்னு தெரியலன்னு நின்னுடும்.

எந்த வழியில உருவாக்கினாலும் சரி பாக்குறதுக்கும் ஒரு வழி இருக்கு, பசங்க தெரிஞ்சுக்கட்டும். டாட்நெட் எஸ்எல்என் லிஸ்ட்னு அடிச்சு வர்ற பட்டியலையும் டிஸ்க்ல இருக்கிற சிஎஸ்ப்ராஜ் ஃபைலுங்களையும் ஒப்பிட்டுப் பாக்குற ஸ்டெப்பை சர்வர்ல போட்டு வைங்க, விட்டுப்போனது உடனே தெரியும். இன்னும் ஆழமா பாக்கணும்னா எம்எஸ்பில்ட் எமிட் சொல்யூஷன்ங்கிற என்விரான்மென்ட் வேரியபிளை 1ன்னு வச்சு பில்ட் பண்ணுங்க, எம்எஸ்பில்ட் உங்க சொல்யூஷனை உள்ளுக்குள்ள எப்படி ப்ராஜெக்டா மாத்திக்கிச்சுன்னு மெட்டாப்ராஜ்னு ஒரு ஃபைலா வெளிய எழுதித் தரும், அதுல எந்த ப்ராஜெக்டை எந்த கான்ஃபிகரேஷன்ல கூப்பிடுதுன்னு பச்சையா தெரியும். அந்த ரிலீஸ் பஞ்சாயத்துல நாங்க கண்டுபிடிச்சது இதை வச்சுத்தான்.

கடைசியா ஆசிரியருக்கு ரெண்டு வேண்டுகோள். அடுத்த வாரமோ அதுக்கு அடுத்த வாரமோ அதே இடத்துல எஸ்எல்என்எக்ஸையும் டாட்நெட் கமாண்டையும் வச்சு இதே கட்டுரையை திருத்திப் போடுங்க, அந்த கட்டுரையாளரே எழுதட்டும், அவருக்கு நல்ல தமிழ் வருது, சொல்ல வந்ததை நேரா சொல்றார். இன்னொண்ணு உங்க லேஅவுட் ஆளுங்களுக்கு. கோடை அச்சடிக்கும்போது நேர் மேற்கோள் குறியெல்லாம் வளைஞ்ச மேற்கோள் குறியா மாறியிருக்கு, வரி முன்னாடி இருந்த டேப் எல்லாம் போயிடுச்சு, ஒரு ஜியுஐடி பத்தியோட அகலத்துக்குள்ள அடங்காம நடுவுல ஹைபன் போட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கு, ஏற்கனவே ஹைபன் இருக்கிற ஐடியில அது யாருக்குத் தெரியும். அதைப் பாத்து அப்படியே டைப் பண்ணின பசங்க எத்தனை பேர் திறக்கலையேன்னு உக்காந்திருக்காங்களோ. பேப்பர்ல விளக்கத்தை மட்டும் போட்டுட்டு கோடை உங்க வெப்சைட்ல காப்பி பண்ற மாதிரி டெக்ஸ்டா போடுங்க, படமா போட்டுடாதீங்க.

இப்படிக்கு,
பில்ட் வேலை பாக்குற ஒரு வாசகன்,
கோயம்புத்தூர்